ஒரே ஒரு கத்தி என்றால், எந்தக் கத்தி?



காட்டுக்குள் வழி தவறிவிட்டது. பொழுது சாய்கிறது. மழை வேறு கட்டி நிற்கிறது. கையில் ஒரே ஒரு வெட்டுக் கருவிதான் இருக்கலாம் என்றால் நீங்கள் எதை வைத்திருப்பீர்கள்? பால் வெட்டும் உளியா, செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளா, கோடாரியா, கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று மின்னும் வேட்டைக் கத்தியா? இல்லை, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும் பழைய பாராங்கா?

"சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் கத்தியைப் பற்றி என்னய்யா எழுத்து?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். கேட்கட்டும். காரணம் இருக்கிறது.

நம்முடைய தோட்டங்களில் பல காட்டை ஒட்டித்தான் இருக்கின்றன. கடைசி நிரையைத் தாண்டினால் பெலுக்கார், அதைத் தாண்டினால் பெருங்காடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தம்பிமார்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகிறார்கள். மூங்கில் குருத்து ஒடிக்க, பெத்தாய் பறிக்க, காணாமல் போன மாட்டைத் தேட என்று யாராவது ஒருவர் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2014 டிசம்பரிலும் 2021 டிசம்பரிலும் வந்த பெருவெள்ளங்களை நினைத்துப் பாருங்கள். பாதை அறுந்து, கரண்டு போய், வெளியுலகத் தொடர்பே இல்லாமல் மக்கள் தவித்தார்கள். காடு நம்மைத் தேடி வீட்டு வாசலுக்கு வருகிற நாளும் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பாராங் என்ற சொல்லைக் கேட்டாலே இன்று நினைவுக்கு வருவது வெட்டுக்குத்துச் செய்திதான். ஒரு பக்கம் அது ரௌடித்தனத்தின் அடையாளமாகிவிட்டது. மறு பக்கம், "அது கூலிக்காரன் கத்தி" என்று நம் பிள்ளைகளே முகம் சுளிக்கிறார்கள். நல்ல கருவி ஒன்று இந்த இரண்டு அவமானத்துக்கும் நடுவே கிடந்து துருப்பிடிக்கிறது. அதற்காகவும்தான் எழுதுகிறோம்.

நமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நாட்டுக் காட்டுக்கு ஒரே ஒரு கருவி என்றால் அது பாராங்தான். ஆனால் எந்தப் பாராங், யார் கையில், எப்படி என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

காடு என்ன கேட்கிறது?

கருவியைப் பேசுவதற்கு முன்னால் காட்டைப் பேச வேண்டும். நம்முடைய காடு பனி விழுகிற காடு அல்ல; தண்ணீருக்கு அலைகிற பாலைவனமும் அல்ல. ஈரக் காடு. மரம் ஈரம், மண் ஈரம், மேலே போட்டிருக்கிற சட்டை ஈரம். வழி தவறியவனை முதலில் வாட்டுவது பசி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பயம் முதலில் வாட்டும். அடுத்து, நனைந்த உடம்போடு கழிக்கிற ராத்திரிக் குளிர். அதற்கடுத்து கெட்ட தண்ணீர். பசி கடைசியில்தான் வரும். சோறு இல்லாமல் மனிதன் பல நாள் தாங்குவான்.

அதனால் காட்டில் வேண்டியவை நான்கு: தலைக்கு மேல் கூரை, தீ, காய்ச்சிய தண்ணீர், தேடி வருகிறவர்களுக்கு ஓர் அடையாளம். இந்த நான்கையும் எந்தக் கருவி செய்து தருமோ அதுதான் நம் கருவி.

தீயை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து ஓய்ந்த காட்டில் தரையில் கிடக்கும் சுள்ளி எதுவும் பற்றாது. ஆனால் நின்றபடியே செத்துப்போன மரமொன்று, கை பருமனில் இருந்தால் போதும், அதை வெட்டி நெடுக்காகப் பிளந்தால் உள்ளே வைரம் காய்ந்திருக்கும். அந்த உள்மரத்தைச் சீவிச் சுருள் சுருளாக எடுத்து அடியில் வைத்தால் தீ பிடிக்கும். பையில் ஒரு துண்டு கட்டிப்பால் இருந்தால் இன்னும் நல்லது. ரப்பர் ஈரத்திலும் விடாமல் எரியும் என்பதைப் பால்மரக் காட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லைட்டர் இருந்தும் தீ மூட்ட முடியாமல் விடிய விடிய நடுங்கியவர்கள் உண்டு. அவர்களிடம் இல்லாதது நெருப்பு அல்ல, காய்ந்த விறகு. ஈரக் காட்டில் காய்ந்த விறகு வெளியே கிடக்காது. மரத்தின் வயிற்றுக்குள் இருக்கும். அதைத் திறக்கிற சாவிதான் கத்தி.

தண்ணீருக்கு வருவோம். பச்சை மூங்கிலில் கணுவுக்குக் கீழே ஒரு வெட்டு, அடுத்த கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரு வெட்டு. கிடைப்பது ஒரு பாத்திரம். தண்ணீர் நிரப்பி நெருப்பில் சாய்த்து வைத்தால், மூங்கில் எரிந்து ஓட்டை விழுவதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். சட்டி பானை வேண்டாம்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் இனத்துக்கு இது சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாக நம்மவர்களைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்களே, நினைவிருக்கிறதா? 415 கிலோமீட்டர் ரயில் பாதையைக் காட்டை வெட்டிப் போட வைத்தார்கள். கையில் கத்தியும் இருந்தது, மண்வெட்டியும் இருந்தது. சுற்றிலும் மூங்கில் காடாகவும் இருந்தது. இருந்தும் மாண்டார்கள். 1943இல் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். ஓய்வு இல்லை, மருந்து இல்லை, போதிய சோறு இல்லை. காய்ச்சிய தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு நேரம் கொடுத்து, அடுப்பு மூட்டித் தர ஒரு நாதியும் இல்லை. கருவி கையில் இருப்பது மட்டும் போதாது. அதை நமக்காகப் பயன்படுத்துகிற சுதந்திரமும் அறிவும் வேண்டும். இதை நம் தாத்தாக்கள் உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மற்றக் கருவிகள் ஏன் தேறவில்லை?

இனி ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம்.

பால் வெட்டும் உளி நம் கைக்கு மிகவும் நெருங்கியது. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டை சீவ வேண்டும். அதற்கு மேல் ஆழம் போய் உயிர்த்தோலில் பட்டால் மரம் புண்ணாகி முண்டு முண்டாக வீங்கிவிடும். இருட்டு விலகும் முன்னே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்தக் கணக்குத் தவறாமல் சீவுகிற நம் அக்காமார்களின் கைக்கு எந்த டாக்டரின் கையும் குறைந்தது என்றோ கூடியது என்றோ நாம் சொல்ல மாட்டோம். ஆனால் உளி பட்டைக்கென்றே பிறந்தது. கை பருமனான கம்பை அதனால் வெட்ட முடியாது, பிளக்கவும் முடியாது.

செம்பனை அரிவாள் நீண்ட கம்பின் நுனியில் இருந்தால்தான் அரிவாள். காட்டுக்குள் கொடியும் கிளையும் பின்னிக் கிடக்கிற இடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது நம் கழுத்துக்கு நாமே சுருக்குப் போடுவது மாதிரி. இளம் மரத்துக் குலை குத்துகிற நீட்டு உளியும் அப்படியே. தோட்டத்துக்கு ராஜா, காட்டுக்குப் பாரம்.

கோடாரிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உண்டு. பனி நாடுகளில் அது சரி. அங்கே விடிய விடியக் கட்டை எரிந்தால்தான் மனிதன் பிழைப்பான். இங்கே அவ்வளவு பெரிய தீ வேண்டாம். நமக்குத் தொல்லை தருவது கொடி, முள், ரோத்தான் பிரம்பு, மூங்கில். ஆடுகிற கொடியைக் கோடாரியால் வெட்டிப் பாருங்கள், தெரியும். இந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் மரம் சாய்ப்பதற்குப் பிலியோங் என்று அருமையான சின்னக் கோடாரி வைத்திருந்தவர்கள். அவர்களே அன்றாடம் காட்டுக்குள் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்வது பாராங்கைத்தான். காட்டில் பிறந்து காட்டில் வாழ்கிறவர்களைவிட நமக்கு என்ன அதிகம் தெரிந்துவிடும்?

நம் தாத்தாக்கள் ஊரில் பிடித்த வெட்டரிவாள் சாமானியக் கருவி அல்ல. பனையும் முள்ளும் நிற்கிற வறண்ட பூமியில் அதன் வளைந்த மூக்கு கிளையை இழுத்து வெட்டும். இங்கே அந்த மூக்கே கொடிகளில் மாட்டிக்கொள்ளும். மூக்கு வளைந்த கத்தியை மரத்தில் வைத்து, முதுகில் கட்டையால் தட்டிப் பிளப்பதும் சிரமம். மண்ணுக்கு ஏற்ற கத்தி என்று ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் இங்குள்ள மலாய்க்காரர்களைப் பார்த்துப் பாராங்கைப் பழகிக்கொண்டார்கள். காட்டைத் தோட்டமாக்கிய வேலையில் மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், நம்மவர் எல்லார் வியர்வையும் கலந்திருக்கிறது. கருவியும் அப்படிக் கைமாறி வந்ததுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரப் பட்டாளமும் இதையேதான் செய்தது. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் ராணுவம், கோலோக் என்கிற இந்த வட்டாரத்து வெட்டுக்கத்தியின் வடிவத்தை எடுத்துத் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. புல்லையும் மெல்லிய செடியையும் வீசி அறுக்கத் தகடு போன்ற மெல்லிய கத்தி போதும். நம் காட்டு மரத்துக்குக் கனம் வேண்டும்.

கடைசியில் சினிமாக் கத்தி. 1982இல் வந்த முதல் ராம்போ படத்துக்குப் பிறகு உலகம் முழுக்க அந்த மாதிரிக் கத்திக்கு மவுசு. கைப்பிடி உள்ளே குழல்; அதற்குள் தீக்குச்சி, தூண்டில் முள், மூடியில் திசைகாட்டி; முதுகில் ரம்பப் பல். பார்க்க ஜோர்தான்! ஆனால் கைப்பிடி குழலாக இருந்தால் கத்தியின் வால் பிடிக்குள் முழுதாக இறங்காது. நாலு வெட்டு ஓங்கி வெட்டினால் மலிவான சரக்கு பிடியோடு கழன்றுவிடும். முதுகில் பல் இருந்தால் கட்டையால் தட்டிப் பிளக்கவும் முடியாது. மடக்குக் கத்தி மீன் கழுவ நல்லது, அவ்வளவுதான். அழகு சோறு போடுமா தம்பி?

"சின்னக் கத்தி போதும், பெரிசைத் தூக்கிக்கிட்டு யார் அலையறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். சின்னக் கத்தி செய்கிற வேலையில் பெரும்பாலானதைப் பாராங்கின் அடிப்பகுதியைக் கொண்டு செய்துவிடலாம். பாராங் செய்கிற வேலையைச் சின்னக் கத்தி செய்யாது. ஒன்றுதான் என்று கணக்குப் போடும்போது இதுதான் கணக்கு.

எப்படிப் பார்த்து வாங்குவது?

நல்ல பாராங்குக்கு ஒரே வாயில் மூன்று வேலை உண்டு. நுனிப் பக்கம் மெல்லியதாய்க் கூராக இருக்கும், தோல் உரிக்க, கீற. நடு வயிறு கனத்து அகன்றிருக்கும், ஓங்கி வெட்ட. பிடியை ஒட்டிய பாகம் நைஸாக இருக்கும், சீவ, செதுக்க. தீட்டும்போது இதை மறந்து மூன்றையும் ஒரே மாதிரி தீட்டுகிறவன் மூன்று கத்தியை ஒரு கத்தி ஆக்கிவிடுகிறான்.

நீளம் உங்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருந்தால் போதும். வாய் மட்டும் 30 செண்டிமீட்டர், மிஞ்சினால் 35. கனம் நுனிப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கத்தியே வெட்டும், நம் தோள் வெட்டாது. ஆனால் பத்து நிமிடம் வீசியதும் மணிக்கட்டு வலிக்கிறது என்றால் அது உங்களுக்கு உரிய கத்தி அல்ல. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சற்று இலேசானதே நல்லது. அடுத்தவன் கத்தி அடுத்தவன் செருப்பு மாதிரி.

இரும்பைப் பாருங்கள். பழைய லோரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்திக்கு இன்றும் மதிப்பு உண்டு, சும்மாவா? அது வளைந்து கொடுக்கும், உடையாது. ஆற்றுக் கல்லில் தீட்டினாலும் கூர் ஏறும். துருப்பிடிக்காத பளபளப்பு இரும்பு சிலவற்றைக் காட்டில் தீட்டவே முடியாது. துருவுக்குப் பயந்தால் எண்ணெய் தடவுங்கள். துரு மருந்துள்ள நோய். மொட்டைக் கத்தி காட்டில் மருந்தில்லாத நோய்.

பிடியைப் பாருங்கள். பழைய முறையில் கத்தியின் வாலைச் சுட்டுக் கட்டைக்குள் இறக்கி, பிசின் வைத்து, வளையம் போட்டிருப்பார்கள். பிடி உடைந்தால் காட்டிலேயே புதுக்கட்டை செதுக்கிப் போடலாம், அது அதன் நன்மை. ஆட்டம் கண்டால் வெட்டுகிறபோது கத்தி பறந்துவிடும், அது அதன் தீமை. வாங்கும்போது உலுக்கிப் பாருங்கள். பிடியின் அடி சற்று வளைந்து, மழையிலும் வியர்வையிலும் கை நழுவாமல் தடுத்து நிறுத்த வேண்டும்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தை இரண்டாகப் பிளந்து பிரம்பால் கட்டிய உறையில் கத்தி நாளடைவில் கட்டை அறுத்துக்கொண்டிருக்கும். அந்த உறையை உள்ளங்கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவினால் விரல் போகும். கூர் இருக்கும் பக்கத்தில் விரல் சுற்றாமல், முதுகுப் பக்கமாகப் பிடித்து உருவ வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

பசிக்கு முன்னால் காயம்

காட்டில் பசி கொல்லுமுன் காயம் கொல்லும். இதைத் தலைக்குள் ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு பகாங் மாநிலத்து லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களிடையே நோய் கண்டு 8 பேர் உயிரிழந்தார்கள். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிற கிருமியும், எலிச் சிறுநீரால் பரவுகிற கிருமியும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டன. இப்படிப்பட்ட கிருமிகளுக்குச் சின்ன வெட்டுக்காயமே வாசல். ஊரில் பிளாஸ்திரி போட்டு மறந்துவிடுகிற காயம் காட்டு ஓடையில் எமன்.

ஆகவே வெட்டும்போது நிதானம். பதறாத காரியம் சிதறாது. கத்தி போகிற பாதையில் உங்கள் இடது கையோ முழங்காலோ இருக்கக் கூடாது. நேராக அடிக்காமல் சாய்த்து வெட்டுங்கள், ஒரு வெட்டில் போகும். குத்துச்செடியை அறுத்தால் தரையோடு தாழ்வாக வெட்டுங்கள். சாய்த்து வெட்டிய முனை முழங்கால் உயரத்தில் நின்றால் பின்னால் வருகிறவருக்கு அது ஈட்டி. வளைந்து நிற்கும் மூங்கிலை வெட்டினால் அது திமிறி அடிக்கும், தள்ளி நில்லுங்கள். முன்னே வெட்டிக்கொண்டு போகிறவருக்கும் பின்னே வருகிறவருக்கும் நடுவே கத்தி வீச்சுக்கு இரண்டு மடங்கு தூரம் இருக்கட்டும். முக்கியமாக, எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். கத்தி முதுகால் ஒதுக்கிவிட்டுப் போகலாம் என்றால் ஒதுக்குங்கள். வீசுகிற ஒவ்வொரு வெட்டும் உங்கள் உடம்பிலிருந்து போகிற தெம்பு.

காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி, ஜன்னி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் பட்ட வெட்டு என்றால் அன்றைக்கே கிராணியிடம் பதியச் சொல்லுங்கள். சொக்சோவுக்குப் போக அது வேண்டும். "சின்னக் காயம்தானே, விடு" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். வேலைக்குரிய கத்தியையும் உறையையும் கையுறையையும் வேலை வாங்குகிறவர் தர வேண்டும் என்பதே நம் நிலை. தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. மொட்டைக் கத்தியும் ஆடுகிற பிடியும் பாதுகாப்பு ஆகாது.

சாலைக்கு வந்தால் சட்டம்

இப்போது நமக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். காட்டில் உயிரைக் காக்கிற அதே கத்தி பெரிய சாலையில் ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுத்துவிடும். 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் சட்டப்படி, நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். சிறையும் உண்டு, பிரம்படியும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் பாராங் இருந்தால், "மீன் பிடிக்கப் போனேன் சார்" என்று சொல்லிப் பயன் இல்லை. தூண்டில் எங்கே, மீன் எங்கே, எந்த ஆறு என்று கேட்பார்கள்.

எனவே தம்பிகளே, காட்டுக்குப் போகிற அன்று மட்டும் கத்தியை எடுங்கள். உறையில் போட்டு, சாக்கில் சுற்றி, மற்றச் சாமான்களோடு சேர்த்துக் கட்டுங்கள். வேலை முடிந்தால் நேராக வீடு. வரும் வழியில் சாப்பாட்டுக் கடை, கோவில் திருவிழா, கூட்டாளி வீடு என்று கத்தியோடு சுற்றாதீர்கள். கோபம் வந்தவன் கைக்குக் கத்தி எட்டுகிற தூரத்தில் இருந்தால், அது கருவியாக இருக்காது. ஒரு நிமிடக் கோபத்துக்குப் பத்து வருடம் கொடுத்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

காட்டுக்கும் சட்டம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி ஒதுக்குக் காட்டில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது. உயிர் ஆபத்து என்றால் வேறு. சும்மா கத்தி கூர் பார்க்க மரத்தைக் கொத்திவிட்டு வராதீர்கள்.

கத்திக்கு மேலே

எல்லாம் சொன்ன பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. 2015 ஆகஸ்டில் கிளந்தான் குவா மூசாங் பகுதியில், தண்டனைக்குப் பயந்து பள்ளி விடுதியிலிருந்து காட்டுக்குள் ஓடிய ஏழு பூர்வகுடிப் பிள்ளைகளை நாடே தேடியது. 47 நாள் கழித்து இரண்டு சிறுமிகளைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது. காட்டுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி. காட்டில் நம்மைக் காப்பாற்றுவது முதலில் மனிதர்கள், பிறகுதான் இரும்பு. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். போகிற வழியில் செடியை ஒடித்து அடையாளம் வையுங்கள். திரும்பி வரும்போதும் அது கண்ணில் படுகிற மாதிரி இரண்டு பக்கமும் வையுங்கள். வழி தவறிவிட்டது என்று தெரிந்ததும் நின்றுவிடுங்கள். கூரை போடுங்கள், தீ மூட்டுங்கள், தண்ணீர் காய்ச்சுங்கள். வீட்டில் இருப்பவர்கள் வெட்கம் பார்க்காமல் 999க்கு உடனே போன் போடுங்கள்.

நாம் சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போகிறபோது பார்க்கிறோம். நாற்பது வருடம் வெளிக்காட்டு வேலை செய்த தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எந்த மரம் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும், எந்தப் பிரம்பு கட்டுக்கு ஆகும், கத்தியை எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். பேரன் அதே திண்ணையில் கைப்பேசியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் காட்டில் கத்தி வீசுகிற படத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். தாத்தாவிடம் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. "கூலி வேலைதானே, இதில் என்ன இருக்கு?" என்று நாமே சொல்லிச் சொல்லி அந்த அறிவைக் குப்பையில் போட்டுவிட்டோம்.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுகின்றன. நம்மவர்கள் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகட்டும், படிக்கட்டும், முன்னேறட்டும். ஆனால் போகிறபோது இந்தக் கை அறிவையும் மூட்டை கட்டிக்கொண்டு போகட்டும். வேலைக்குப் பிடிக்கத் தெரிந்த கை வெட்டுக்குத்துக்குச் சுலபத்தில் போகாது என்பது நம் நம்பிக்கை. கத்தியை ஒளித்து வைப்பதால் பிள்ளைகள் நல்லவர்களாகிவிட மாட்டார்கள். அது எதற்கு என்று தெரிந்தால்தான் அதற்கு மரியாதை வரும். ஆண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, பெண் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். உளி பிடித்த அம்மாவின் மகளுக்குப் பாராங் என்ன பெரிய காரியமா?

அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்க வேண்டாம், புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம். கதவுக்குப் பின்னால் இருக்கிற பாராங்கை எடுங்கள். துருவைத் தேய்த்து, பிடியை இறுக்கி, மூன்று பாகத்தையும் தனித்தனியாகத் தீட்டி, எண்ணெய் தடவி வையுங்கள். பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். தாத்தா இருந்தால் அவரையே செய்யச் சொல்லுங்கள்.